மெமோ இருக்கா?

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமை செய்தியான வாரம், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. "ராத்திரி நேரத்துல அங்க என்ன வேலை" என்று ஆரம்பித்து வைத்தவர் பெரியப்பா. 2019-இல் பல பெண்களை மிரட்டி வன்கொடுமை செய்த பொள்ளாச்சி விவகாரம் வெடித்தபோது, "இத்தனை பொண்ணுங்கள்ல ஒருத்தி கூடவா உடனே போலீசுக்குப் போகல" என்று கேட்டவரும் அவர்தான். அண்ணா பல்கலைக்கழக மாணவி மறுநாளே போனார். போன பெண்ணுக்கு என்ன நடந்தது? அவருடைய விவரங்கள் அடங்கிய எஃப்.ஐ.ஆர். இணையத்தில் சுற்ற ஆரம்பித்தது. பொள்ளாச்சியில் காவல்துறை உயரதிகாரி பத்திரிகையாளர்கள் முன்னிலையில் பெண்ணின் பெயரைச் சொன்னார், பிறகு வந்த அரசாணையிலும் பெயர் இருந்தது. இரண்டு வழக்கிலும் அடையாளம் வெளியானதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவு போடவேண்டி வந்தது. அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் சொல்வதை, அந்தச் சட்டத்தைக் காக்க வேண்டியவர்களுக்கே நீதிமன்றம் சொல்லித் தரவேண்டியிருந்தது.

போனாலும் பேச்சு, போகாவிட்டாலும் பேச்சு. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைச் சில வருடங்களாக உறுத்திக்கொண்டிருப்பது வேறு. இந்தச் சண்டை முழுக்கப் போலீஸ், கோர்ட்டு, தண்டனை என்றே சுற்றிவருகிறது. நடந்த இடத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே அவள் போனாளா, யார் கூட்டிப்போனார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. தீர்ப்பு வர ஆறு வருடம் ஆகலாம். பொள்ளாச்சியில் அப்படித்தான் ஆனது, 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. நல்லது. ஆனால் உடம்பு ஆறு வருடம் காத்திருக்காது.

இனி சொல்லப்போவதில் ஊர், வேலை, வருடம், அடையாளம் தெரியக்கூடிய எதுவும் உண்மையானதில்லை. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதிய பிறகு அவளிடம் காட்டி, அவள் அடிக்கச் சொன்னதை அடித்துவிட்டேன்.

எங்கள் வீட்டு மாடியில் வேலைக்குப் போகும் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களில் ஒருத்தி கீழே வந்து, கூட இருப்பவள் நேற்று ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, கதவைத் திறக்கவும் மாட்டேன் என்கிறாள் என்றாள். நான் மேலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ரொம்ப நேரம். ஆள் தெரிந்தவன். அவ்வளவு போதும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை வருட அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது வழக்குகளுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவன் தெரிந்தவன்தான்: சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை செய்பவன், கட்டிக்கொள்வதாகச் சொன்னவன். இருட்டுச் சந்தில் முகம் தெரியாதவன் வருவது பெரும்பாலும் நம் கற்பனையில்தான். முகம் தெரியாதவன் என்றால் புகார் கொடுப்பதும் சுலபம். தெரிந்தவன் என்றால் அவன் அம்மாவையும் அல்லவா தெரிந்திருக்கும்.

அவள் என்னிடம் முதலில் கேட்டது போலீசைப் பற்றி இல்லை. அவனை என்ன செய்யலாம் என்றும் இல்லை. "அக்கா, மெடிக்கல்ல அந்த மாத்திரை கிடைக்குமா?"

கிடைக்கவில்லை. இது தமிழ்நாட்டுக்கே உரிய விசித்திரம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், கரு தங்காமல் இருக்க அவசரத்துக்குப் போடும் மாத்திரை, இந்தியா முழுக்க டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று அனுமதி உள்ளது. பெங்களூரில் இருமல் மருந்து வாங்குவது போல் வாங்கிக்கொண்டு வரலாம். நம் ஊரில் பெரும்பாலான கடைகள் அதை வைப்பதே இல்லை. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் தலையைத் தூக்காமலே "ஸ்டாக் இல்ல" என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல மேடம்" என்று சொன்ன பையன், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கல்லாவில் இருந்தவரையும் பார்த்தான். நாற்பத்தைந்து வயதில், தாலியும் குங்குமமுமாக நிற்கும் என்னையே அப்படிப் பார்த்தால், அவள் தனியாகப் போய் நின்றிருந்தால்?

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னதும் அவள் கேட்டாள், "போனா கேஸ் ஆயிடும்ல?" நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

காஷுவாலிட்டி

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. வரவேற்பில் இருந்த பெண் விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய்விட்டு வந்து, "இதெல்லாம் மெடிக்கோ லீகல், நாங்க எடுக்கறதில்ல. ஜி.எச். போயிடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பாவப்பட்டுத்தான் சொன்னாள். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு வந்தோம். காஷுவாலிட்டியில் பைக்கில் விழுந்த இரண்டு பையன்கள், வாயில் நுரையோடு ஒரு பெரியவர், அழும் குழந்தைகள். டியூட்டி டாக்டர் இளைஞர், கண்ணில் தூக்கம். நான் குனிந்து காதோடு சொன்னதை அவர் எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "போலீஸ் மெமோ இருக்கா?"

மெமோ என்பது பரிசோதிக்கச் சொல்லிக் காவல் நிலையம் தரும் கடிதம். இல்லை என்றேன். "ஸ்டேஷன் போய் கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டு மெமோ வாங்கிட்டு வாங்கம்மா. மெமோ இல்லாம நான் பாக்க முடியாது."

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று அது எனக்குத் தெரிந்திருந்தால் குரலை உயர்த்தியிருப்பேன். டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு 2013-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357சி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் சட்டங்கள் மாறியபோது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 397-ஆம் பிரிவாக வந்துவிட்டது, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் குற்றங்களையும் சேர்த்துக்கொண்டு. அது சொல்வது இதுதான்: அரசு, தனியார் எந்த மருத்துவமனையாக இருந்தாலும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனே, இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தரவேண்டும். தராமல் திருப்பி அனுப்பினால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவு. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட மருத்துவ-சட்ட வழிகாட்டு நெறிமுறை இன்னும் தெளிவு: மெமோ வேண்டாம், எஃப்.ஐ.ஆர். வேண்டாம், பெண் தானாகவே நேராக வந்து நின்றாலும் பார்க்கவேண்டும். ஆக அந்தச் சாயங்காலம் எங்களிடம் பேசிய இரண்டு பேரும் சட்டப்படி செய்யக்கூடாததைச் செய்தார்கள். அந்த டாக்டரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு முந்தைய பேட்ச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். இதில்தான் எனக்கு ஆத்திரம்: சட்டம் பத்து வருடத்துக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கிறது, காஷுவாலிட்டி மேஜைக்கு மட்டும் வரவில்லை.

திரும்பி நடக்க ஆரம்பித்தோம். வாசலுக்குப் போகும் வழியில் ஒரு சிஸ்டர் குறுக்கே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ரிட்டயர்மென்ட்டை எண்ணிக்கொண்டிருக்கும் வயது. எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். அவளை டிரெஸ்ஸிங் அறைக்குள் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். யார், எங்கே, ஏன் போனாய், என்ன உடுத்தியிருந்தாய், ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கும்மா நடந்துச்சு?" அவ்வளவுதான் கேட்டார். சொன்னாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். "நேரம் இருக்கு. நல்லவேளை வந்தே."

எல்லாக் கேள்விகளுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்த பெண், இந்த ஒன்றுக்கு அழ ஆரம்பித்தாள். "நல்லவேளை வந்தே" என்று அவளிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை, நான் உட்பட. எனக்கு அது முழுதாகப் புரியப் பிறகு வெகுநாள் ஆனது. மணியைக் கேட்பதற்கு ஒரே காரணம் மருத்துவம். அந்தக் கேள்வியில் சந்தேகம் இல்லை, தீர்ப்பு இல்லை, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் இருந்தது.

சிஸ்டர் அவளுக்கும் எனக்குமாகச் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன், பிறகு சரிபார்த்தும் கொண்டேன். கரு தங்காமல் இருக்க மாத்திரை, 72 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, 120 மணி நேரம் வரையிலும் போடலாம், ஆனால் தாமதிக்கத் தாமதிக்க வேலை செய்வது குறையும். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க வேறு மாத்திரை, அதை 72 மணிக்குள் தொடங்கியே ஆகவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். பால்வினைத் தொற்றுக்கு மருந்து, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, காயம் இருந்தால் டி.டி. ஊசி. சாட்சியத்துக்கு மாதிரி எடுப்பதானால் 96 மணி நேரம் வரை எடுக்கலாம். அவள் இரண்டு தடவை குளித்திருந்தாள். "குளிச்சா என்ன, குளிச்சாலும் எடுக்கலாம். துணி துவைச்சிட்டியா? இல்லையா? பிளாஸ்டிக் கவர்ல போடாதே, பேப்பர்ல சுத்தி வை." பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் கோத்துச் சாட்சியம் கெட்டுவிடுமாம்.

இன்டிமேஷன்

சிஸ்டர் போய் டாக்டரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். நான் கேட்டது கடைசி வரி மட்டும்: "மெமோ தேவையில்ல சார், நீங்க ஏ.ஆர். என்ட்ரி போடுங்க. இன்டிமேஷன் நாம அனுப்பிக்கலாம்."

ஏ.ஆர். என்பது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு, இன்டிமேஷன் என்பது போலீசுக்குப் போகும் தகவல். அந்த இரண்டாவது வார்த்தையைக் கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள். போலீசுக்குத் தகவல் போகும் என்றால் எனக்கு மாத்திரையே வேண்டாம், நான் போகிறேன் என்று கதவைத் திறக்கப் போனாள். அந்தக் கதவுதான் இந்தக் கட்டுரை முழுக்க. அவளுக்குத் தேவையான எல்லா மருந்தும் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, ஒரே ஒரு போன்காலுக்குப் பயந்து அத்தனையையும் விட்டுவிட்டுப் போக அவள் தயார்.

சிஸ்டர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கதவை விட்டு நகர்ந்து நின்றுகொண்டு சொன்னார். "பாப்பா, தகவல் போகத்தான் போகும். அது எங்க டூட்டி. ஒரு அம்மா போலீஸ் வருவாங்க. வந்தா நீ பேசியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. 'எனக்கு இப்ப புகார் வேணாம்'னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு வேணும்னா நாளைக்கு, ஆறு மாசம் கழிச்சுன்னா ஆறு மாசம் கழிச்சு. மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மாத்திரை இப்ப."

அவள் உட்கார்ந்தாள்.

இதைப் பற்றி என் சித்தி மகளோடு இன்றுவரை வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. அவள் மகப்பேறு மருத்துவர். சட்டம் 'உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்' என்கிறது, தெரிவிக்காத டாக்டர் பிறகு கோர்ட்டில் பதில் சொல்லவேண்டும், அது மட்டுமில்லை, அன்றைக்கே பதிவான ஒரு குறிப்பு பின்னால் அந்தப் பெண் மனம் மாறினால் அவளுக்கே கைகொடுக்கும் என்பது அவள் கட்சி. எல்லாம் சரி. ஆனால் வயது வந்த ஒரு பெண்ணுக்கு மருந்து கொடுப்பதற்கும் காவல் நிலையத்துக்குச் சேதி போவதற்கும் முடிச்சுப் போட்டதால், சேதிக்குப் பயந்து மருந்துக்கே வராமல் போகிறவர்களை எந்தப் பதிவேட்டில் எண்ணுவது? 2014 நெறிமுறை இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறது: எம்.எல்.சி. என்று, அதாவது மருத்துவ-சட்ட வழக்கு என்று, பதிவு செய்யலாம், ஆனால் எஃப்.ஐ.ஆர். வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதை எடுத்துச்சொல்லி, அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்குச் சம்மதம் தனி, பரிசோதனைக்குச் சம்மதம் தனி, சாட்சியம் எடுக்கச் சம்மதம் தனி, போலீசுக்குச் சம்மதம் தனி. ஒன்றுக்குத் தலையாட்டினால் எல்லாவற்றுக்கும் ஆட்டியதாக ஆகாது. இந்த நாலு வரியை எத்தனை காஷுவாலிட்டியில் எத்தனை பேர் அந்த சிஸ்டர் மாதிரி சொல்வார்கள்? என் வாதம் அங்கேதான் நிற்கிறது. சித்தி மகள், "நல்ல சிஸ்டர் கிடைச்சதைச் சட்டத்தோட குறைன்னு சொல்றியே" என்கிறாள். நல்ல சிஸ்டர் இருந்தால்தான் வேலை செய்யும் சட்டம் என்றால் அது குறைதான்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இந்த இடமும் கிடையாது. போக்சோவின்படி தெரிந்த எவரும் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிவிக்காவிட்டால் தண்டனை. குழந்தைகளுக்கு அது தேவை என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் பதினேழு வயதில் கர்ப்பமாகி நிற்கும் பெண்ணை டாக்டரிடம் கூட்டிப்போகவே வீட்டார் பயப்படுவதும் அதே பிரிவால்தான். 2022-இல் உச்ச நீதிமன்றம், அப்படி வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் போலீசுக்குச் சொல்லவேண்டியதில்லை என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. வன்கொடுமையால் கரு உண்டானால் 24 வாரம் வரை கலைக்கலாம் என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது. ஆண்களும் திருநங்கைகளும் வந்தால் எந்தப் பிரிவில் பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள், புதிய நியாய சன்ஹிதாவில் வயது வந்த ஆணுக்கு ஒரு பிரிவே இல்லை. சிகிச்சை நெறிமுறையில் மட்டும் அவர்களும் இருக்கிறார்கள்.

பரிசோதனை அறையில் அவள் கேட்டதால் நான் கூட இருந்தேன். வந்தவர் ஓ.ஜி. எனும் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவின் பெண் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இப்ப இதைப் பண்ணப்போறேன், சரியா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்று அவள் ஒரு கட்டத்தில் சொன்னபோது நிறுத்தினார். படிவத்தில் 'மறுத்தார்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனார். இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவளா என்று விரலால் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனை என்ற அசிங்கம் இந்த நாட்டில் வெகுகாலம் அறிவியல் என்ற பெயரில் நடந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அது பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்றது, 2014 நெறிமுறை அதை நீக்கியது. அதற்குப் பிறகும் நடந்ததால்தான் 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவர்கள் அதைச் செய்யத் தடை விதிக்கும்படி தமிழ்நாடு அரசுக்குச் சொல்லவேண்டி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றது. அன்று எங்களுக்கு அந்த டாக்டர் வாய்த்தார். வாய்த்தார் என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது.

கால்சியம் டப்பா

அதற்குப் பிறகுதான் நிஜமான கஷ்டம், அதைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும். காலையில் வேலைக்குப் போகும்முன் குமட்டல், பஸ்ஸில் குமட்டல், மதியச் சாப்பாட்டு வாசனைக்குக் குமட்டல். வாரக்கடைசியில் அவள் அம்மா ஊரிலிருந்து வருவார். மாத்திரை அட்டையை எங்கே வைப்பது? கால்சியம் மாத்திரை வரும் வெள்ளை டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அட்டையிலிருந்து பிரித்து அதில் போட்டுக் கொடுத்தேன். (பிறகு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர், பிரிக்காமல் வைத்திருந்தால் நல்லது, ஈரம் படக்கூடாது என்றார்.) "இந்த வயசுல என்னடி கால்சியம்" என்று அம்மா கேட்டாராம். "கீழ்வீட்டு அக்கா குடுத்தாங்க, முதுகு வலிக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா என்னிடம் வந்து நன்றி சொல்லிவிட்டு, தனக்கும் ஒரு டப்பா கிடைக்குமா என்று கேட்டார். உண்மையான கால்சியம் மாத்திரை ஒரு டப்பா வாங்கிக்கொடுத்தேன். வேறு வழி?

ரத்தப் பரிசோதனைக்கு மறுபடி மறுபடி போகவேண்டும், மூன்று மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் ராத்திரி தூங்கமாட்டாள். முடிவு நல்லபடியாகவே வந்தது. ஆனால் ஆறு மாதம் என்பது, ஒரு பெண் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள எடுக்கும் காலம். அந்த ஆறு மாதத்தில் அவள் வேலைக்குப் போனாள், தீபாவளிக்குத் துணி எடுத்தாள், ஒரு கல்யாணத்தில் சிரித்தபடி போட்டோவுக்கு நின்றாள். அதைக் காட்டித்தான் நாளைக்கு ஒரு வக்கீல், "சம்பவத்துக்கு அப்புறமும் சந்தோஷமாத்தானே இருந்தீங்க" என்று கேட்பார்.

மனசுக்கான உதவி எங்கே கிடைக்கும் என்று தேடியபோதுதான் ஒருங்கிணைந்த சேவை மையம் என்று ஒன்று மாவட்டந்தோறும் இருப்பதே எனக்குத் தெரிந்தது. 2013-இல் மத்திய அரசு ஏற்படுத்திய நிர்பயா நிதியிலிருந்து, 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். வடக்கே 'சகி' என்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஆலோசனை, சட்ட உதவி, போலீஸ் உதவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள், தங்க இடமில்லை என்றால் ஐந்து நாள் வரை தங்கல். யோசனை அருமை. 181-க்கு போன் செய்தால் அவர்களே இணைத்துவிடுவார்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். குழந்தைகள் என்றால் 1098. மனநல உதவிக்கு 14416, தமிழிலேயே பேசலாம். எங்கள் மாவட்ட மையத்தில் இருந்த ஆலோசகர் பொறுமைசாலி. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்த முதல் நாளில் அவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார், அதற்கே ஒரு பயிற்சி வேண்டும். என் குறை ஒன்றுதான். பல ஊர்களில் இந்த மையம் ஒரு மூலையில் இருக்கிறது, ஆஸ்பத்திரி இன்னொரு மூலையில். அடிபட்டவள் எங்கே வருவாள்? காஷுவாலிட்டிக்கு. மும்பையில் பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் 'திலாசா' என்ற பெயரில் இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பிரிவு இயங்குகிறது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஆலோசனை மையம் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே இருக்கிறது, காது மூக்கு தொண்டை மாதிரி அதுவும் ஒரு பிரிவு. அங்கே போகிற பெண்ணைப் பார்த்து இவள் எதற்கு வந்தாள் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு தகவல்: குழந்தைகள் விஷயத்தில் 'துளிர்' என்ற அமைப்பு 2004-இலிருந்து வேலை செய்கிறது, பெற்றோரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை அவர்களிடமிருந்துதான் கற்கவேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், நம் ஆட்கள் இதைப் பேசவே கூசுகிறார்கள். 'மானத்துக்கு விலையா' என்று ஒரு வசனம் தயாராக இருக்கும். விலை இல்லை, செலவு. வேலையை விட்டால் வாடகைக்கு வழி, ஊர் மாறினால் முன்பணம், மருந்து, போக்குவரத்து. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018-இல் வகுத்த இழப்பீட்டுத் திட்டத்தில் வன்கொடுமைக்குக் குறைந்தது 4 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 லட்சத்திலிருந்து 10 லட்சம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இடைக்காலமாகவே கேட்கலாம், குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கேட்கலாம். மனு கொடுக்கும் இடம் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இதற்கு மட்டும் எஃப்.ஐ.ஆரோ நீதிமன்றப் புகாரோ வேண்டும். புகார் கொடுக்கப் போனால் எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் எங்கேயும் கொடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பவேண்டும். வாங்க மறுக்கும் போலீஸ்காரருக்கும் தண்டனை உண்டு. தாமதமாகப் போனால் வழக்கு நிற்காது என்பதெல்லாம் டீக்கடைச் சட்டம்.

இந்தக் கதையை நம்பிச் சொன்ன ஓரிருவரும் பாதியிலேயே கேட்டுவிடுவார்கள்: "அப்புறம் புகார் குடுத்தாளா?" கொடுத்தாளா இல்லையா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எப்படி எழுதினாலும் அவளுக்கு மார்க் போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

எங்கள் அரசு மருத்துவமனைக்கு வேறு வேலையாகப் போகும்போதெல்லாம் காஷுவாலிட்டிச் சுவரைப் பார்ப்பேன். பாம்புக்கடிக்கு என்ன செய்யவேண்டும் என்று ஒரு போர்டு, நாய்க்கடி ஊசி அட்டவணை ஒரு போர்டு. 'பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை இலவசம். போலீஸ் மெமோ தேவையில்லை. 72 மணி நேரத்துக்குள் வந்தால் கரு தங்காமலும் எச்.ஐ.வி. தொற்றாமலும் தடுக்க மருந்து உண்டு. புகார் கொடுப்பது உங்கள் விருப்பம்' என்று ஒரு போர்டு வைக்கும்படி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். மனுவை வாங்கியவர் முதல் வரியைப் படித்ததும் சட்டென்று மடித்துவிட்டார், பக்கத்தில் நிற்கும் ஆண்கள் பார்த்துவிடக் கூடாதென்று. மடித்தபடியே ரசீது போட்டுக் கொடுத்தார். சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு மனு அனுப்பப்பட்டுள்ளதாகப் பிறகு ஒரு பதில் வந்தது. அங்கே போய் விசாரித்ததில், போர்டில் என்ன வாசகம் போடலாம் என்று சென்னையிலிருந்து ஒப்புதல் வரவேண்டுமாம். வாசகத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "அதுல அந்த வார்த்தையெல்லாம் இருக்கே மேடம், கொஞ்சம் பொதுவா மாத்திக் குடுங்களேன்" என்றார் அங்கிருந்த கண்காணிப்பாளர். மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சென்னைக்கு எழுத வேண்டிய முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.